வேடமும் வீட்டுத் துணிப்பெட்டியும்



வேடம் கட்டுவது நமக்குப் புதிதன்று. தெருக்கூத்தில் கர்ணனாக வருபவர் தலையில் தரிக்கும் கிரீடமும் தோளில் அணியும் புஜகீர்த்தியும் பொன்னால் ஆனவை அல்ல. கல்யாண முருங்கை போன்ற கனமற்ற மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டிச் செய்தவை அவை. ஆயினும் இரவு விளக்கொளியில் பத்துக் கஜ தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அவை பொன்னேதான். கனம் குறைவாக இருக்கவேண்டும். தூரத்துப் பார்வைக்கு மெய்யாகத் தோன்றவேண்டும். வேடக் கலையின் சூத்திரம் இவ்வளவே. இதை மறப்பவர்கள்தாம் கடையில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

இந்நாளில் இளைஞர்கள் 'காஸ்ப்ளே' என்று வழங்குவதும் இக்கலையின் ஒரு கிளையே. சித்திரக் கதையிலோ திரைப்படத்திலோ தாம் விரும்பிய ஒரு பாத்திரத்தைப் போல உடுத்தி, அத்தகைய அன்பர்கள் கூடும் விழாவுக்குச் செல்வது இதன் வழக்கம். 1939-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் விஞ்ஞானக் கதை அன்பர்களின் முதல் உலக மாநாடு கூடியபோது, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதரைப் போல உடுத்தி வந்தனர். அவ்விரண்டு உடைகளையும் தம் கையாலேயே தைத்தவர் டக்ளஸ் அம்மையார். ஆகவே இதன் தொடக்கமே வீட்டுத் தையல்தான். பிற்பாடு ஜப்பான் தேசத்தில் இது தழைத்துப் பெயரும் பெற்றது. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு டில்லியில் முதல் காமிக் கான் விழா நடைபெற்றது. பின்னர் மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய நகரங்களுக்கும் பரவியது.

எங்கள் இல்லத்தில் இது புகுந்த விதத்தைச் சொல்கிறேன். என் கணவரின் உத்தியோக மாற்றத்தால் திருநெல்வேலியை விட்டு நாங்கள் டில்லிக்கு வந்து அப்போது இரண்டாண்டு ஆகியிருந்தது. மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள் கட்ட விரும்பிய வேடம் கிக்கி. ஹயாவோ மியாசாகி 1989-இல் எடுத்த ஜப்பானியச் சித்திரப்படத்தின் நாயகி அவள். பதின்மூன்று வயதில் சூனியக்காரச் சிறுமியர் வீட்டை விட்டு முன்பின் அறியாத ஊரில் ஓராண்டு தனித்து வாழவேண்டும் என்பது அக்கதையின் மரபு. கிக்கி ஒரு துடைப்பத்தின்மேல் ஏறிப் பறந்து, கடலோர நகரம் ஒன்றுக்குப் போய், வீடு வீடாகப் பொருள்களைச் சேர்ப்பித்துப் பிழைக்கிறாள். இந்தக் கதை என் மகளுக்கு ஏன் பிடித்தது என்று நான் கேட்கவில்லை.

ஆயத்த உடைக்கு ஆறாயிரம் ரூபாய் வேண்டுமென்றாள். நான் தைத்துத் தருவதாகச் சொன்னேன். அவள் முகம் வாடிற்று.

"வேண்டாம் அம்மா. என் ஹிந்தியைக் கேட்டு ஏற்கெனவே சிரிக்கிறார்கள். உடையைப் பார்த்தும் சிரிக்கவேண்டுமா?" என்றாள்.

இதற்கு விடை சொல்லத் தெரியாமல் நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். எங்களுடன் வசிக்கும் என் தாயார்தாம், "தைத்துப் பார்ப்போமே, பிடிக்காவிட்டால் உடுத்த வேண்டாம்" என்று அவளைச் சம்மதிக்க வைத்தார்.

முதலில் செய்யவேண்டிய காரியம், பாத்திரத்தின் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, எவற்றைக் கண்டவுடன் இன்னாரென்று தெரியும் என்று யோசிப்பது. கிக்கிக்கு மூன்றே அடையாளங்கள்: கருநீலக் கவுன், தலையில் பெரிய சிவப்பு நாடாமுடிச்சு, துடைப்பம். பணத்தையும் பிரயாசையையும் இம்மூன்றில் செலுத்தினால் போதும். காலணியும் தோள்பையும் வீட்டில் உள்ளவையே உதவும். வேடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதிச் செலவு தீர்மானமாகிவிடுகிறது. கவசமும் இறக்கையும் கொண்ட வீரனை முதல் ஆண்டிலேயே முயல்வது, சமையல் பழகுபவர் கலியாண விருந்தை ஏற்றுக்கொள்வது போலாகும்.

கவுனுக்கு என் தாயாரின் பழைய கருநீலப் பருத்திப் புடைவை கிடைத்தது. கரையை நீக்கிவிட்டு, மகளுக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய கவுனைத் துணிமேல் விரித்து, சுற்றிலும் ஓர் அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டினேன். தையல் அறியாதவர்க்கும் இந்த முறை பிழை தராது. சாயம் ஏற்ற விரும்புவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பருத்திக்கு வீட்டுச் சாயம் பிடிக்கும், பாலியெஸ்டருக்கு அது பிடிக்காது. நாடாமுடிச்சுக்கு அரை மீட்டர் சிவப்புத் துணி வாங்கி, சட்டைக் கழுத்துக்குள் தையற்காரர் வைக்கும் பக்ரம் துணியை உள்ளே கொடுத்துத் தைத்தேன். அது இன்றேல் முடிச்சு வாடிய வாழையிலை போலச் சாய்ந்துவிடும். டில்லிக் குளிருக்காகக் கவுனைச் சற்றுத் தளர்த்தியே தைத்தோம். உள்ளே கம்பளி உடுத்தவேண்டும் அல்லவா?

துடைப்பத்துக்கு மூங்கிற்கழி ஒன்று போதும். முனையில் கட்டுவதற்கு என் தாயார் ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்திருந்த தென்னை ஈர்க்கு வாரியலைக் கொடுத்தார். கிக்கியும் புறப்படும்போது தாயின் பழைய துடைப்பத்தையே கொண்டுபோகிறாள் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தத் துடைப்பத்தில் ஒரு சிவப்பு வானொலிப் பெட்டி தொங்கும். அதைத் தெர்மோகோலில் அழகாக அறுத்துச் செய்தேன். விழாவுக்கு முதல்நாள் இரவு, புட்டியை அழுத்தினால் பீறிடும் சிவப்பு ஸ்ப்ரே வண்ணத்தை அதன்மேல் அடித்தேன். கண்ணெதிரே அது குழிந்து, உருகி, அரித்த பல் போலாயிற்று. அவ்வண்ணத்தில் உள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். காலணி ஒட்டும் ரப்பர்ப் பசையும் அப்படியே. நீரில் கரையும் வண்ணமும் வெள்ளைப் பசையுமே அதற்கு ஏற்றவை. இதை அறியாத நானே இன்று உங்கள் வானொலிப் பெட்டியிலிருந்து உபதேசம் செய்கிறேன்! மகள் அழவில்லை. பிஸ்கோத்துப் பெட்டியின் அட்டையை எடுத்து, மடித்து ஒட்டி, இரவு பதினொரு மணிக்குத் தானே வேறொன்று செய்துவிட்டாள். அது என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

கவசம் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்காகவும் சில சொற்கள். ஈவா என்னும் ரப்பர் போன்ற நுரைத்தகடு கடைகளில் கிடைக்கிறது. மார்புக் கவசத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் கனம் பொருந்தும். அலங்கார விளிம்புகளுக்கு இரண்டு மில்லிமீட்டர். அளவு எடுப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. பழைய பனியன்மேல் அடுக்களையில் உணவு பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடாவை நெருக்கமாக ஒட்டி, கவசத்தின் கோடுகளை வரைந்துகொள்ளவேண்டும். பிறகு அக்கோடுகள் வழியே மெல்ல வெட்டி எடுத்தால், உடம்புக்கு அச்சொட்டான மாதிரி கிடைக்கும். நுரைத்தகட்டைச் சூடான காற்றில் காட்டி வளைத்துப் பிடித்தால், ஆறியபின் அவ்வளைவு நிலைக்கும். ரப்பர்ப் பசையை இரண்டு விளிம்புகளிலும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு உலர்ந்தபின் சேர்க்கவேண்டும்; ஈரத்தில் சேர்த்தால் பிடிக்காது. குளிருக்காகச் சன்னல்களை அடைத்த அறையில் இவ்வேலையைச் செய்யலாகாது. அந்த ஆவி கேடு தருவது. பின்னர் வெள்ளைப் பசையை நீரில் கரைத்து மூன்று நான்கு முறை பூசினால் நுண்துளைகள் அடைபடும். கரிய வண்ணத்தை அடியில் பூசி, அதன்மேல் வெள்ளி வண்ணத்தை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேலாகத் தேய்த்தால், போர் கண்ட இரும்பு வந்து நிற்கும். மெய்யான கத்தி கேடயங்களை விழாக்களில் அனுமதிப்பதில்லை. நுரையில் செய்தவையே நல்லவை.

பொருள்களை எங்கே வாங்குவது? பெரிய அங்காடிகளை நாடவேண்டாம். டில்லியில் சாந்தினி சௌக்கை அடுத்த கினாரி பஜாரில் ஜரிகைப் பட்டையும் கண்ணாடிச் சில்லும் வேண்டிய மட்டும் உண்டு. மேற்கு டில்லியின் திதார்பூரில் தசராவுக்கு முன் இராவண உருவங்கள் கட்டுவதை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்; மூங்கிற் சட்டமும் காகிதமும் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்பது விளங்கும். கொல்கத்தாவில் வாழ்வோர் குமோர்துலிக்குச் செல்லலாம். துர்க்கையின் வெண்ணிற அணிகலன்களுக்கு அங்கே வழங்கும் சோலா, தஞ்சையில் நாம் நெட்டி என்று அழைக்கும் அதே தக்கைதான். கிரீடத்துக்கு அதைவிடக் கனமற்ற பொருளை நான் கண்டதில்லை.

வேடம் முடிந்ததும் ஒரு மணி நேரம் அதை அணிந்துகொண்டு வீட்டில் நடக்கவும், உட்காரவும், படியேறவும் செய்து பார்க்கவேண்டும். நிற்கையில் அழகாயிருந்து உட்கார்ந்தால் கிழியும் உடைகள் பல. விழாவுக்குப் போகும் பையில் ஊசி, நூல், ஊக்கு, சிறிது பசை இவை இருக்கட்டும்.

எங்களுக்கு ஆன செலவு 640 ரூபாய். மெட்ரோ ரயிலில் மகள் என் பின்னால் ஒளிந்தவாறே வந்தாள். விழா மண்டபத்தில், அவளையொத்த இரண்டு கிக்கிகள் எதிர்ப்பட்டார்கள். இருவரும் கடை உடையில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி துடைப்பத்தைத் தொட்டுப் பார்த்து, இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஹிந்தியில் வினவினாள். என் மகள் சற்றுத் திணறி, தன் ஆச்சியைப் பற்றியும் தென்னை ஈர்க்கைப் பற்றியும் அந்த ஹிந்தியிலேயே நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். இலக்கணப் பிழைகள் பல இருந்தன. கேட்டவள் அவற்றைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கவுனின் கீழ்மடிப்பை இவ்வாண்டு இரண்டு அங்குலம் பிரித்துவிட்டேன். வாரியலை மட்டும் என் தாயார் திரும்பக் கேட்கிறார்.