கோடிக் கணக்கில் ஒரு மருந்து



ஸ்டெம் செல் என்றதும், "எந்தெந்த நோய்க்குக் கேட்கும்?" என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்பே ஒரு கேள்வி நிற்கிறது: அத்தனை செல்களுக்கு எங்கே போவது? மெசன்கைமல் வகை ஸ்டெம் செல்களை ரத்தநாளத்தில் ஏற்றும் சோதனைகளில், உடல் எடையில் கிலோவுக்குப் பத்து லட்சம், இருபது லட்சம் என்று கணக்கு வைக்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு தவணைக்கே குறைந்தது ஆறு கோடி வேண்டும். எலும்பு மஜ்ஜையில் கொஞ்சம் எடுத்தால் கிடைப்பதோ சில ஆயிரம். மிச்சத்தை வளர்த்துத்தான் ஆக வேண்டும்.

இந்தச் செல்கள் வளர, ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு தேவை. ஆய்வகத்தின் பெரிய குடுவையில் 175 சதுர சென்டிமீட்டர் இருக்கும். இருபது, முப்பது லட்சம் செல்களோடு இடம் நிரம்பிவிடும். ஒரே நோயாளிக்கு இருபது, முப்பது குடுவைகள்! ஊட்டக் கரைசலை மாற்ற ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும். திறக்கும்போதெல்லாம் கிருமி புக வழி.

நெதர்லாந்து ஆய்வாளர் வான் வேசல் 1967-லேயே இதற்கு வழி காட்டினார். கடுகைவிடச் சிறிய மணிகளைக் கரைசலில் மிதக்கவிட்டு, அவற்றின்மேல் செல்களை வளர்த்தார். போலியோ தடுப்பூசித் தயாரிப்புக்குப் பின்னாளில் கைகொடுத்த முறை இது. இவ்வகை மணிகள் சிலவற்றில் ஒரு கிராமுக்கே 4,000 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரப்பு உண்டு. ஆனால் கலனை மெதுவாகக் கலக்கினால் மணிகள் அடியில் தங்கிவிடும். வேகத்தைக் கூட்டினால் செல்கள் சிதையும். ஒரு லிட்டரில் சரியாக அமைந்த வேகம் ஐம்பது லிட்டரில் அமைவதில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. செல் பிரியும்போதெல்லாம் மரபணுவில் பிழை நேரலாம். பிழைபட்ட செல் வேகமாகப் பெருகினால், நல்லவற்றை ஓரங்கட்டிவிடும். ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகஹாஷியின் குழு, ஒரு நோயாளியின் சொந்தத் தோல் செல்களை ஸ்டெம் செல்களாக மாற்றி, அவற்றிலிருந்து விழித்திரைச் செல்களை உருவாக்கி 2014-ல் அவருக்கே பொருத்தியது. இரண்டாவது நோயாளிக்கும் அவ்வாறே வளர்த்தார்கள். சோதித்தபோது மரபணு மாற்றங்கள் தென்பட்டன, சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். காத்திருந்தவருக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்! என் மதிப்பில், முதல் வெற்றியைவிட அந்த முடிவே பெரிது.

2017-ல் அதே குழு, கொடையாளர் ஒருவரின் செல்களிலிருந்து முன்கூட்டியே வளர்த்துச் சேமித்திருந்த இருப்பைக் கொண்டு இன்னொருவருக்குச் சிகிச்சை அளித்தது. ஆளுக்கு ஆள் புதிதாக வளர்க்கும் செலவும், மாதக்கணக்கான காத்திருப்பும் இந்த வழியில் குறைகின்றன.