36 கட்டங்கள்

வங்கியில் கடன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே என் பாதி ஆயுள் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு நடுவே கேட்பது இதைத்தான்: "சார், சிபில் ஸ்கோரை ஏத்த வழி இருக்கா?"

சிபில் என்பது நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைப்பதற்காக 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று உண்டு. மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. 750-ஐத் தாண்டியவரை மேனேஜர் நாற்காலி காட்டி உட்காரச் சொல்வார். எண்ணைப் பற்றி இவ்வளவு போதும். எனக்குப் பிடித்தது அதன் கீழே இருக்கும் அறிக்கைதான்.

அதில் ஒவ்வொரு கடனுக்கும் மாதம் ஒரு கட்டம், 36 மாதம் வரைக்கும். தவணையை நாள் தவறாமல் கட்டினால் பூஜ்யம். ஒரு மாதம் பிந்தினால் 30. பள்ளிக்கூடத்தில் வாங்கி உதைபட்ட அதே பூஜ்யம்தான், இங்கே வரிசையாக நின்றால் மரியாதை! தையல் மெஷினுக்குச் சின்னக் கடன் வாங்கிய ஒரு அம்மாவின் அறிக்கை நினைவிருக்கிறது. மேலிருந்து கீழே அத்தனையும் பூஜ்யம், கோலப்புள்ளி மாதிரி. அடுத்து வந்தவருக்கு லட்ச ரூபாய்ச் சம்பளம். கட்டமெல்லாம் 30, 60. "மறந்துடுச்சு சார்" என்றார். அம்மாவுக்குக் கடைக்கடன் அந்த வாரமே கிடைத்தது.

இன்னொரு தம்பி. கார்டு பாக்கி 60,000. வசூலுக்கு வந்தவர்கள் பேரம் பேசி 25,000-க்கு முடித்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்தார். நாலு வருஷம் கழித்து வீட்டுக்கடன் கேட்டு வந்தபோது அறிக்கையில் 'செட்டில்டு' என்று இருந்தது. 'குளோஸ்டு' என்றால் முழுதும் கட்டியவர்; 'செட்டில்டு' என்றால் வங்கி மீதியைக் கைகழுவியது என்று அர்த்தம். மிச்சத்தையும் கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்கி, பதிவை மாற்ற அலைந்து முடிப்பதற்குள் அவர் பார்த்திருந்த வீடு வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

அடுத்தவருக்கு ஜாமீன் போட்டிருக்கும் நேயர்கள் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். அவர் தவணை தவறினால் அது உங்கள் அறிக்கையிலும் ஏறும். ஊருக்கெல்லாம் சொன்ன நானே என் சகலையின் பைக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன். கடன் மேசைக்காரனின் கட்டத்திலேயே 60 விழுந்தது! அந்தத் தீபாவளிக்கு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

நகைக்கடனையும் சொல்லவேண்டும். தெருமுனை அடகுக்கடையில் வாங்கியது பொதுவாக இந்த அறிக்கையில் வராது. வங்கியில் வைத்த நகைக்கடன் வரும். கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணே இருக்காது, பார்ப்பதற்கு வரலாறு இல்லையே!

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், ஆகவே சுருக்கமாக. கார்டு வரம்பு ஒரு லட்சம் என்றால் 30,000-க்குள் புழங்குங்கள். ஒரே மாதத்தில் ஐந்து இடத்தில் கடனுக்கு விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் மதிப்பெண்ணை நீங்களே பார்த்தால் குறையாது. 'பணம் கொடு, ஸ்கோரை ஏற்றித் தருகிறேன்' என்பவரை வாசலோடு அனுப்புங்கள். அறிக்கையில் தவறிருந்தால் உங்கள் புகாரை அந்த நிறுவனமும் வங்கியும் 30 நாளுக்குள் தீர்க்கவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவு போட்டிருக்கிறது.

நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். இந்த வாரமே ஒன்றை எடுத்துக் கட்டம் கட்டமாகப் படியுங்கள். நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் பான் எண்ணில் தெரிந்தால் அன்றைக்கே புகார் எழுதிவிடுங்கள்.