சேமநிதி: வரியா, சேமிப்பா, காப்புறுதியா?



சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையில் மாதம் 2,000 வெள்ளி சம்பளத்திற்கு வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 40, சிங்கப்பூர்க் குடிமகன். மாத முடிவில் அவர் கைக்கு வருவது 1,600 வெள்ளி. மீதி 400 வெள்ளி என்னவாயிற்று என்று கேட்டால், "சிபிஎஃப் பிடித்தம்" என்பார். 'பிடித்தம்' என்ற சொல், அது ஏதோ கையை விட்டுப் போன பணம் என்ற எண்ணத்தை நம் மனத்தில் உண்டாக்கிவிடுகிறது. அது போன பணந்தானா? இதற்கு விடை காண, வரி, சேமிப்பு, காப்புறுதி ஆகிய மூன்று சொற்களின் பொருளை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வரி. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தின்படி அரசாங்கம் மக்களிடம் வசூலிக்கும் பணமே வரி. அது பொதுக் கருவூலத்தில் சேர்ந்து, சாலை, பள்ளி, பாதுகாப்பு போன்ற பொதுச் செலவுகளுக்குப் போகிறது. 1994-ஆம் ஆண்டில் 3 விழுக்காடாகத் தொடங்கி, 2024 முதல் 9 விழுக்காடாக இருந்துவரும் பொருள் சேவை வரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கட்டிய வரியில் 'என் பங்கு எங்கே?' என்று பின்னர் யாரும் கேட்க முடியாது.

சேமிப்பு அப்படியன்று. அது நம் பெயரிலேயே இருக்கிறது. நாம் போட்டதும் அதன் வட்டியும் நமக்கே உரியவை. காப்புறுதி மூன்றாவது வகை. பலரும் சிறிது சிறிதாகப் பணம் போடுகிறார்கள். அவர்களுள் யாருக்கு இடர் நேர்கிறதோ அவருக்கு அது உதவுகிறது.

மத்திய சேமநிதி, பெயருக்கேற்ப, அடிப்படையில் சேமிப்பே ஆகும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1955 ஜூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அன்று தொழிலாளி 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்தினார்கள். இன்று 55 வயது வரை தொழிலாளியின் சந்தா பொதுவாக 20 விழுக்காடு. முதலாளியின் சந்தா 17 விழுக்காடு. ஆகவே, நம் துணிக்கடை ஊழியரின் 400 வெள்ளியோடு முதலாளியின் 340 வெள்ளியும் சேர்ந்து, மாதம் 740 வெள்ளி அவர் பெயரில் ஏறுகிறது.

முதலாளி கொடுக்கும் பங்கை இனாம் என்று எண்ணிவிடக் கூடாது. பொருளியலில் அது கூலிச் செலவின் ஒரு பகுதி. 1985-இல் சிங்கப்பூரின் பொருளாதாரம் சரிந்தபோது இது நன்கு விளங்கிற்று. அப்பொழுது இரு தரப்பாரின் சந்தாவும் 25 விழுக்காடாக இருந்தது. தொழில்களின் செலவைக் குறைப்பதற்காக, 1986-இல் முதலாளியின் பங்கு 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கைக்கு வரும் சம்பளம் குறையவில்லை. ஆனால் சேமிப்பில் ஏறும் தொகை குறைந்தது.

முதுமைக்கென்று தொடங்கிய இந்நிதியை 1968 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்கவும் பயன்படுத்தலாம் என்றாயிற்று. மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் 1984-இல் வந்தது. பிற்காலத்தில் காப்புறுதியும் இதனோடு இணைந்தது. 2009-இல் அறிமுகமான சிபிஎஃப் லைஃப், உயிரோடு இருக்கும்வரை மாதந்தோறும் பணம் தருகிறது. 2015-இல் வந்த மெடிஷீல்டு லைஃப், பெரிய மருத்துவமனைச் செலவுகளுக்குக் கைகொடுக்கிறது.

சேமிப்பு என்பதால் இதற்கு ஓர் எல்லையும் உண்டு. சம்பளம் எவ்வளவோ அவ்வளவே சேமிப்பு. வீட்டையே கவனித்துவந்த இல்லத்தரசிக்குச் சம்பளமும் இல்லை, சந்தாவும் இல்லை. கணவரோ பிள்ளைகளோ விரும்பினால் அவர் கணக்கில் பணம் போடலாம். சொந்தமாகப் பூக்கடை நடத்துபவர், ஆண்டின் நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால், மெடிசேவ் கணக்கிற்கு மட்டும் கட்டாயமாகச் செலுத்த வேண்டும். முதுமைக்குச் சேர்ப்பது அவர் விருப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழகத் தொழிலாளர்களுக்கோ சேமநிதி கிடையாது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது. அத்தொழிலாளர்களுக்காக முதலாளி அரசாங்கத்திற்குக் கட்டுவது தீர்வை. அதைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

இனி, நம்மில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு சொல்லுக்கு வருவோம். அதுதான் நியமனம். நம் காலத்திற்குப் பின் சேமநிதிப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிவைப்பதே நியமனம். உயிலில் எழுதியிருக்கிறோமே என்று இருந்துவிட முடியாது. சேமநிதி உயிலுக்குள் அடங்காது. நியமனம் இல்லாவிட்டால் பணம் பொது அறங்காவலரிடம் போய், வாரிசுச் சட்டப்படி பிரிக்கப்படும். முஸ்லிம்களுக்கு முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்.

மணமாகாத ஓர் இளைஞர் தம் தாயாரை நியமித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் திருமணம் நடந்த அன்றே அந்த நியமனம் செல்லாததாகிவிடுகிறது. அவர் புதிதாக எழுதவில்லை. மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு இறந்துபோகிறார். முஸ்லிம் அல்லாதவர்களுக்குரிய சட்டப்படி பாதி மனைவிக்கு, பாதி குழந்தைக்கு. மகனையே நம்பியிருந்த தாயாருக்கு அதிலிருந்து ஒரு வெள்ளிகூட வராது. மணமுறிவில் நிலைமை இதற்கு நேர்மாறு. மணமுறிவால் பழைய நியமனம் தானாக நீங்குவதில்லை. மாற்றி எழுதாவிட்டால் பிரிந்துபோன துணைக்கே பணம் போய்ச் சேரும்.

ஆகவே நேயர்களே, சம்பளச் சீட்டில் காணும் அந்த 400 வெள்ளி போன பணமன்று. நம் பெயரில் நிற்கும் பணம். நம் பெயரில் நிற்பதால் அதைக் கவனிக்கும் பொறுப்பும் நம்முடையதே. முதலாளியின் பங்கு மாதந்தோறும் ஏறுகிறதா என்று கணக்கைப் பார்ப்போம். திருமணம், மணமுறிவு, குழந்தைப் பேறு, மரணம் என்று குடும்பத்தில் எந்த மாற்றம் நேர்ந்தாலும் நியமனத்தை எடுத்துப் பார்ப்போம். வீட்டில் உள்ள பெரியவர்கள் அதை எழுதியிருக்கிறார்களா என்று இன்றைக்கே கேட்டுவிடுவோம்.