மேலே பில் பாக்கி, கீழே கூலி பாக்கி



ஐதராபாத்தில் ஏழைகளுக்கு இலவச வீடு என்று 2015-ல் போய்குடா ஐ.டி.எச். காலனியில் 396 வீடுகளைத் திறந்தார்கள். 2023-ல் நகரத்தை ஒட்டிய கொல்லூரில் 15,660 வீடுகள். நல்ல காரியம்தான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பில் பாக்கி என்று ஒப்பந்தக்காரர்கள் முறையிட்டதும், வேலை அங்கங்கே சுணங்கியதும் ஊரறிந்த சங்கதி.

மேலே பில் நின்றால் கீழே என்ன ஆகிறது? ஒப்பந்தக்காரர் மேஸ்திரியைக் கைகாட்டுகிறார். மேஸ்திரி, "பில் வரட்டும்" என்கிறார். அரிசிக் கடைக்காரர் பில் வரும்வரை பொறுப்பாரா?

ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால், வேலையைக் கொடுத்த முதன்மை வேலையளிப்பவரே தரவேண்டும். பிறகு ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம். 1970-ஆம் வருடத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது இது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் இது உண்டு. ஆனால் 20 பேர் என்றிருந்த வரம்பை 50 ஆக்கிவிட்டார்கள்! சிறு வேலைத்தளத்து ஆட்கள் வெளியே நிற்கிறார்கள். இதை நாம் எதிர்க்கிறோம்.

வேலை செய்த நாள், இடம், மேஸ்திரி பெயர், வாங்கிய முன்பணம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகள் எழுதட்டும். மனுப் போடும்போது முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.