பல்கலைக்கழகத்துக்கும் ஒரு சோதனை



பால்மரம் சீவிய மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். காண்டா வாளியைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்குப் போனால், கிராணி எடையை மட்டும் எழுதிக்கொண்டு விட்டுவிட மாட்டார். ஒரு கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். வாளி நிறைந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே ரப்பர் இருந்தால்தான் கூலி.

பட்டப்படிப்பிலும் இப்படி ஒரு சோதனை உண்டு. சோதிக்கப்படுவது உங்கள் பிள்ளை அன்று, பிள்ளைக்குப் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம். இதைத் தர அங்கீகார ஆய்வு என்கிறார்கள். ஒரு முறை தேறிவிட்டால் முடிந்தது என்றில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். 'இது படித்தவர்கள் காரியம், நமக்கென்ன?' என்று நினைக்கலாம். வைப்புநிதியை எடுத்து, நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டப்போவது நாம்தாமே?

சிங்கப்பூரின் வடகிழக்கில் செங்காங் என்று ஒரு நகர்ப்பகுதி இருக்கிறது. அங்கும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. 1990களில் அடுக்குமாடி வீடுகள் எழும்பத் தொடங்கி, 2003இல் ரயிலும் வந்தது. அடுத்த நிலையம் பொங்கோல். எஸ்.ஐ.டி. எனப்படும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் 2024இல் அந்தப் பகுதியில்தான் தன் புதிய வளாகத்தில் வகுப்புகளைத் தொடங்கியது. 2009இல் தோன்றி, 2014இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமானது அது. அதையும் சேர்த்து அந்த நாட்டில் ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. 'தன்னாட்சி' என்றவுடன் கேட்பாரில்லை என்று எண்ணிவிட வேண்டாம். கல்வி அமைச்சு ஐந்தாண்டுக்கு ஒரு முறை அவற்றை ஆராய ஏற்பாடு செய்திருக்கிறது. முதலில் பல்கலைக்கழகமே தன்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுத வேண்டும். எது நன்றாக நடக்கிறது, எது நடக்கவில்லை, நடக்காததற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு வெளியாட்கள் அடங்கிய குழு நேரில் வந்து, எழுதியதும் நடப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கும். குழு சொன்ன குறைகளுக்குப் பல்கலைக்கழகம் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் தோட்டப் பள்ளியில் படித்த ஒரு பெண் இப்போது செங்காங்கில் குடியிருக்கிறாள். ஓர் உயர்கல்வி நிலையத்தில் இந்த ஆய்வுக்கான ஆயத்த வேலை அவளுக்கு. நிலையத்தின் பெயர் நமக்கு வேண்டாம். "அறிக்கை எழுதுவது பெரிய வேலை இல்லை, சார். எழுதியதற்குச் சான்று தேடுவதுதான் வேலை" என்றாள்.

அவள் சொன்ன ஒரு விஷயத்தைக் கேளுங்கள். ஒரு பாடப்பிரிவில், ஆய்வுக்கூடத்தில் கருவிகள் போதவில்லை என்று மாணவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மறு ஆண்டு கருவிகள் வந்துவிட்டன. ஆனால் யார் கூடிப் பேசினார்கள், எப்போது முடிவு செய்தார்கள், மாணவர்களுக்குத் தகவல் சொன்னார்களா என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. செய்த நல்ல காரியத்துக்கே சாட்சி இல்லை. இன்னொரு பிரிவில் நிலைமை நேர்மாறு. கூட்டக் குறிப்புகள் ஆண்டுதோறும் அழகாக இருந்தன. புரட்டிப் பார்த்தால் மூன்று ஆண்டுகளாக ஒரே குறை, ஒரே தீர்மானம், வார்த்தைகூட மாறவில்லை. கருவி வாங்கியவர்கள் காகிதம் வைக்கவில்லை, காகிதம் வைத்தவர்கள் ஒன்றும் செய்யவில்லை!

அந்த மூன்று ஆண்டுக் குறிப்பை என்ன செய்வது என்று அங்கே விவாதம் நடந்ததாம். ஒருவர் மறைத்துவிடலாம் என்றார். ஏஜண்ட் துரை பார்வையிட வருகிறார் என்றால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? லயத்துக்குச் சுண்ணாம்பு, கால்வாய்க்குத் துப்புரவு, ஆயாக்கொட்டகைக்குப் புதுப் பாய். அவர் கார் கித்தாமரக் காட்டைத் தாண்டியதும் பழைய கதைதான். கடைசியில் அங்கே இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், குறையை நாமே அறிக்கையில் எழுதி, அதைத் திருத்த ஒரு தேதியும் போடுவோம் என்றாராம். அப்படியே செய்தார்கள். என் அபிப்பிராயத்தில் அதுதான் சரியான ஆயத்தம். குறையே இல்லை என்று எழுதும் நிலையத்தைக் கண்டால்தான் ஆய்வுக்குழுவுக்குச் சந்தேகம் வரும்.

ஆய்வுக்குழு மாணவர்களையும் சந்திக்கும். அந்தச் சந்திப்பில் ஆசிரியர்களை உடன் உட்கார வைக்காதது பொதுவான வழக்கம். நம் பிள்ளைகளுக்கு ஒரு பயம் உண்டு: உள்ளதைச் சொன்னால் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று. பெரட்டில் கை கட்டி நின்ற தலைமுறையின் பயம் அது. உங்கள் பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால் போகச் சொல்லுங்கள். நூலகத்தில் புத்தகம் இருக்கிறதா, திருத்திய தாள் எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது என்பதையெல்லாம் மாணவனைப் போல் அறிந்தவர் யார்?

அங்கீகாரத்தின் மதிப்பு நேற்று வந்ததில்லை. 1905இல் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. டான் ஜியாக் கிம் என்ற வணிகர் முன்னின்று 87,000 வெள்ளிக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். தன் வைத்தியர்களைப் பயிற்றுவித்தாலும், அந்தப் பள்ளியின் சான்றிதழை உலகம் ஏற்க வேண்டுமே! 1916இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகுதான் இங்கே படித்த மருத்துவர் வெளியிலும் மருத்துவராக மதிக்கப்பட்டார். அந்தப் பள்ளியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் சேர்ந்துதான் 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. அதில் தமிழ் இடம்பெற வேண்டும் என்று 1950களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டியபோது, சாதாரணத் தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். ஆகவே பல்கலைக்கழகம் நமக்கு அந்நிய வீடல்ல. அங்கே கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

எதைக் கேட்பது? மலேசியாவில் எம்.கியூ.ஏ. எனப்படும் தகுதி முகமை 2007 முதல் இந்தப் பொறுப்பை வகிக்கிறது. அங்கீகாரம் பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் வேறுபடும் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். ஒரே கல்லூரியில் கணக்கியலுக்கு இருக்கும், கணினிக்கு இல்லாமலும் போகலாம். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழைக் காட்டினால், "இது என் பிள்ளை சேரும் படிப்புக்கா?" என்று கேளுங்கள்.

அடுத்து, தற்காலிக அங்கீகாரம் வேறு, முழு அங்கீகாரம் வேறு. புதிய படிப்பு தற்காலிக அங்கீகாரத்தோடு தொடங்கும். முதல் அணி மாணவர்கள் இறுதி ஆண்டை அடையும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கான ஆய்வு. அந்த முதல் அணியில் சேரும் பிள்ளை, இன்னும் சோதிக்கப்படாத பாதையில் நடக்கிறது. சேரக்கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு சேரட்டும். பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கும் அரசாங்க வேலைக்கும் இந்த அங்கீகாரத்தைத்தான் பார்ப்பார்கள்.

பிள்ளை பொறியியல் படித்து அக்கரையில் வேலை தேடுமானால் இன்னொன்றும் உண்டு. வாஷிங்டன் உடன்பாடு என்று ஓர் ஏற்பாட்டில் சிங்கப்பூர் 2006இலும் மலேசியா 2009இலும் இந்தியாவும் இலங்கையும் 2014இலும் முழு உறுப்பினராயின. ஒரு நாட்டில் முறைப்படி அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகள் இணையானதாகக் கருதும். இதிலும் கல்லூரியின் பெயரை நம்பிப் பயனில்லை. குறிப்பிட்ட படிப்பு, பட்டம் பெற்ற ஆண்டில் அங்கீகாரத்தில் இருந்ததா என்பதே கேள்வி. மருத்துவத்துக்கு இந்த உடன்பாடு பொருந்தாது. அதற்கு அந்தந்த நாட்டு மருத்துவ மன்றத்தின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

பத்திரிகைகளில் வரும் 'உலகத் தரவரிசை' விளம்பரத்தையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு கணக்கு.

எம்.கியூ.ஏ. தன் பதிவேட்டை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பிள்ளையின் கைப்பேசியிலேயே பார்க்கலாம், காசு கேட்கமாட்டார்கள். முகவர் வீடு தேடி வந்து, இன்றே முன்பணம் கட்டினால் கழிவு உண்டு என்று அவசரப்படுத்தினால், அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, அவர் முன்னாலேயே படிப்பின் முழுப் பெயரைப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். கல்லூரி அனுப்பிய கடிதத்தில் உள்ள பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அன்றைய தேதியை எழுதி, கட்டண ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.