முரிந்த அடுப்பும் ஓலைக் கொழுக்கட்டையும்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் உரையாற்றுமாறு அழைத்த செயலர் அவர்கள், தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள். தமிழாசிரியை என்பதால் யாப்பைப் பற்றியோ உரையாசிரியர்களைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நான் சமையலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும், உரிய பாத்திரம் இல்லாமல் சமைப்பதைப் பற்றி. கவிதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களாயின், சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

கம்பும் சோளமும் குதிரைவாலியும் அன்றாட உணவாக இருந்த கரிசல் பூமி நம்முடையது. நெல்லுச்சோறு நாள் கிழமைகளில் மட்டுமே அடுப்பேறிய காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாள்களுள் ஒன்று திருக்கார்த்திகை. அன்று பனங்குருத்தோலையை வெட்டி வந்து, சாண் நீளத் துண்டுகளாக நறுக்குவார்கள். பச்சரிசி மாவு, வறுத்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், கருப்பட்டிப் பாகு, சிறிது ஏலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைவார்கள். ஓலையின் மடிப்புக்குள் மாவை வைத்து, மற்றொரு துண்டால் மூடி, ஓலை நாரால் கட்டி ஆவியில் வேக வைப்பார்கள். வெந்த பின் பிரித்தால் ஓலையின் வரிகள் கொழுக்கட்டையின் மேல் பதிந்திருக்கும். பச்சை ஓலையின் மணமும் அதனுள் இறங்கியிருக்கும். மனம் சோர்ந்த போதெல்லாம் நான் தேடும் உணவு இதுதான்.

2006ஆம் ஆண்டு. ஆய்வு மாணவியாகச் சென்னையில் ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருந்தேன். ஆய்வேட்டின் இரண்டாம் இயல் நகராமல் நின்றிருந்த நேரம். திருக்கார்த்திகை வந்தது, ஊருக்குப் போக இயலவில்லை. என்னிடம் இருந்தவை ஒரு மின்னடுப்பு, ஓர் அலுமினியப் பாத்திரம், ஒரு தட்டு. இட்லிப் பானை இல்லை, பனையோலையும் இல்லை. பூக்கடையில் வாழையிலை வாங்கி, மாவைப் பொதிந்து, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தம்ளர் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் அடுக்கினேன். தண்ணீர் கொதித்ததும் தம்ளர் சாய்ந்தது. கொழுக்கட்டை அனைத்தும் நீருக்குள் விழுந்து களியாயின. பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஏ தாயி, கொழுக்கட்டைய தண்ணி தொடப்படாது, ஆவிதான் தொடணும். புது ஈர்க்குச்சி இருந்தா அலசி, ஒடிச்சு, சட்டிக்குள்ள குறுக்கும் நெடுக்குமாப் போடு. தண்ணி ரெண்டு விரக்கடைக்கு மேல வேண்டாம். தட்டக் கவுத்தி மூடி, மேல பாரம் வையி" என்றார்கள்.

மீதமிருந்த மாவில் ஆறு கொழுக்கட்டை தேறின. ஓலை மணம் இல்லை, வரிகளும் இல்லை. எனினும் அது கொழுக்கட்டைதான். எது இல்லாமற் போனாலும் எது இருந்தால் கொழுக்கட்டை நிற்கும் என்பதை அன்று கற்றேன். பாத்திரம் என்பது ஆவிக்கும் நீருக்கும் இடையே இருக்க வேண்டிய ஒரு விலகல், அவ்வளவே. அந்த விலகலைக் கொடுப்பது எதுவோ அதுவே பாத்திரம். புட்டுக்குழல் இல்லாத வீட்டில் தேங்காய்ச் சிரட்டை அதைக் கொடுக்கிறது. இட்லித்தட்டு இல்லாத வீட்டில் பானையின் வாயில் கட்டிய துணி கொடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் பனையோலையால் கூம்பு வடிவில் முடைந்த நீத்துப்பெட்டி, பானையின் வாயில் அமர்ந்து புட்டவிக்கிறது. நம் பகுதியில் உடைந்த பானையின் ஓடுகூடக் கடலை வறுக்கும் வறையோடாகித் தொண்டு செய்திருக்கிறது.

இந்த அனுபவத்தைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினேன். 'இல்லாமையின் அழகியல்' என்று தலைப்பிட்டேன். அக்காலத்தில் எனக்கு அத்தகைய சொற்சேர்க்கைகளில் பெருமோகம் இருந்தது. பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்தபோது அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பருத்திமார் எரியும் அடுப்பையும், ஒரே பானையில் பாட்டி கஞ்சியும் காய்ச்சிக் கொழுக்கட்டையும் அவித்த திறத்தையும் வியந்து எழுதியிருந்தேன். அம்மா முழுவதும் கேட்டார்கள்.

"நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா, பானை வாயி ஒடஞ்சு போனதுல எங்களுக்கு என்னட்டீ அழகு இருந்துச்சு? எங்கம்மா ஒரு பித்தளைப் பானை வாங்க ரெண்டு வருசம் காசு சேத்தா. அதையும் எழுது."

அக்கட்டுரையை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஆய்வேட்டுக்காகப் பத்துப்பாட்டைத் திரும்பப் படித்தபோதுதான் அம்மாவின் சொல் முழுமையாக விளங்கிற்று. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்துத் தந்தார். அதனுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை ஐந்நூறு அடிகளைக் கொண்டது. அப்பாட்டில் இரண்டு அடுகலங்கள் வருகின்றன. ஒன்று, கூவியர் எனப்படும் அப்ப வணிகரின் கரியேறிய அகல். அது தொழிலுக்கென்றே அமைந்த கருவி. பாகு சேர்த்துச் செய்த வட்டமான பண்ணியம் அங்கே உவமையாகிறது. மற்றொன்று, எயினர் குடிலில் இருக்கும் பானை. புல்லரிசியை அப்பெண்கள் நிலத்தைக் கிளறி எடுக்கிறார்கள். நில உரலில் குற்றுகிறார்கள். உவர்நீரைத் தோண்டி முகக்கிறார்கள். வாய் முரிந்த பழம்பானையை முரிந்த அடுப்பில் ஏற்றுகிறார்கள்.

புலவர் அப்பானையைக் கண்டு இரங்கவில்லை. அழகென்று புகழவும் இல்லை. வாய் முரிந்தது என்கிறார், பழையது என்கிறார், அடுப்பும் முரிந்தது என்கிறார். அந்த உணவு பாணர்க்குத் தேக்கிலையில் குவித்துத் தரப்படும் என்று சொல்லி, தெய்வத்துக்கு இடும் படையலை அதற்கு உவமையாக்குகிறார். சிறப்பு முழுவதும் சமைத்தவர் கைக்கும் ஈந்தவர் மனத்திற்கும் போகிறது. உடைந்த பானைக்குச் சிறப்பில் ஒரு பங்கும் இல்லை. என் கட்டுரை இதனைத் தலைகீழாகச் செய்திருந்தது. கைக்கு உரிய புகழை நான் வறுமைக்குக் கொடுத்துவிட்டேன்.

கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரிசல் எழுத்துக்கு இன்று தமிழுலகில் தனி மதிப்பு இருக்கிறது. இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் அதற்கு அடித்தளம் இட்டார்கள். கி.ரா. 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தந்தார். அந்த மதிப்பின் நிழலில் நின்று எழுதும் நமக்கு ஓர் எளிய வழுக்கல் காத்திருக்கிறது. கம்பங்கஞ்சியையும் மண்பானையையும் எழுதினாலே கவிதை ஆகிவிடும் என்று கருதிவிடுகிறோம். பானையை எழுதுங்கள்; அதன் வாய் முரிந்திருந்தால் அதையும் எழுதுங்கள்; புதுப்பானைக்குக் காசு சேர்த்தவளை விட்டுவிடாதீர்கள்.

வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். மரபு யாப்பு கைவரவில்லை என்று இளங்கவிஞர்கள் என்னிடம் வருந்துவதுண்டு. ஈர்க்குச்சியில் கொழுக்கட்டை அவித்தவள் என்ற முறையில் நான் கூறுவது இது: கருவி இல்லையே என்று அடுப்பை அணைத்துவிடாதீர்கள். ஆனால் ஆவியின் இயல்பை அறியாமல் ஈர்க்குச்சியை அடுக்கவும் முடியாது. இட்லிப் பானையில் ஆயிரம் முறை அவித்த அம்மாவால்தான் அது இல்லாதபோது செய்ய வேண்டியதைத் தொலைபேசியில் சொல்ல முடிந்தது. யாப்பைக் கற்றவர்க்கு அதனை விடும்போது எதனை விடலாகாது என்பது தெரிந்திருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் எவர்சில்வர் இட்லிப் பானை இருக்கிறது, குக்கரும் இருக்கிறது. சென்ற திருக்கார்த்திகையன்று அம்மா நடுங்கும் விரல்களால் ஓலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "ஆச்சி, இட்லித்தட்டுலயே வச்சா சீக்கிரம் முடிஞ்சிருமே?" என்றாள் என் மகள். "அதுலயும் நல்லா வேகும் தாயி. நீங்க அதுலயே வச்சுக்கோங்க. எனக்கு ஓலையில ரெண்டு போதும்" என்றார்கள். மகள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, ஓலை நாரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.