கச்சான் காலத்தில் கால்நடையும் கோழியும்

மட்டக்களப்புப் பகுதியில் மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்வதில்லை. ஐப்பசி முதல் தை வரை வயல் வட்டைகள் வெள்ளக்காடாகக் கிடக்கும். வைகாசி பிறந்ததும் கச்சான் காற்று தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே சொரிந்துவிட்டு, வறண்டு, சூடேறிக் கிழக்கே இறங்குகிறது. அதுவே கச்சான். அது வீசும் மாதங்களிலே புல் கருகும், மடுக்கள் வற்றும், பட்டி மாடுகளின் விலாவெலும்பு வெளியே தெரியும். 2016, 2017ஆம் ஆண்டுகளிற் போல மாரி மழையும் பொய்த்துவிடின் நிலைமை மிகக் கொடியதாகும். மெலிந்த மாட்டைத் தரகர் கேட்ட விலைக்கே விற்கும் குடும்பம், அடுத்த ஆண்டின் பாலையும் தயிரையும் கன்றையும் சேர்த்தே இழக்கிறது.

இவ்விழப்பைத் தடுக்கும் வேலை கோடையில் தொடங்குவதன்று. மாசி, பங்குனியில் அறுவடைக் களத்திலே தொடங்குவது. பெரும்போகம் அறுத்ததும் வைக்கோலை வயலிலேயே கொளுத்துவோர் உளர். ஆவணியில் மாடு தின்ன வேண்டிய உணவு பங்குனியில் சாம்பலாகிவிடுகிறது.

வைக்கோலிற் சத்துக் குறைவுதான். அதனை யூரியாவினாற் பதப்படுத்தலாம். நீர் கிடைக்கும் பங்குனியிலேயே இதனைச் செய்தல் நன்று. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, நன்கு மிதித்து, காற்றுப் புகாதபடி படங்கினால் மூடி மூன்று வாரம் வைத்தல் வேண்டும். யூரியாவிலிருந்து எழும் அமோனியா வைக்கோலை மென்மையாக்கி, நைதரசன் சத்தையும் சேர்க்கும். தீனியாக இடுமுன் சற்று நேரம் பரப்பி நெடியைப் போக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகட்கு இது ஆகாது. யூரியாக் கரைசலை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாதலால், வாளியையும் பையையும் அதற்கு எட்டாத இடத்தில் வைத்தல் அவசியம்.

தீனியினும் முந்தியது நீர். பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீரே. வாவி 56 கிலோமீற்றர் நீண்டு அருகே கிடந்தாலும், கடலோடு கலக்கும் அதன் நீர், ஆற்று வரத்துக் குறையும் கோடையில் மேலும் உவர்ப்பாகும். உவர்நீர் தாகத்தைத் தணிக்காது, கழிச்சலையும் உண்டாக்கும். எழுவான்கரையின் மணற்பாங்கான இடங்களிலே பூவல் தோண்டி நன்னீர் எடுக்கலாம். ஆயின், அதனை மிக ஆழப்படுத்தினால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும்.

மாடுகளைக் காலையிலும் மாலையிலும் மேயவிட்டு, நண்பகலில் மரநிழலிற் கட்டுவது நன்று. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. கருந்தோல் வெயிலை வாங்கும். ஆகையால் அது சேற்றில் புரள வேண்டும். மடு வற்றியிருந்தால் நாளுக்கு இருமுறையேனும் அதன் மேல் நீர் ஊற்ற வேண்டும்.

கோழிக்கோ வியர்வைச் சுரப்பியே இல்லை. வாயைப் பிளந்து மூச்சு வாங்கியே அது உடற்சூட்டைத் தணிக்கிறது. அவ்வாறு மூச்சு வாங்கும்போது கரியமில வாயு மிகுதியாக வெளியேறிவிடுவதால், முட்டையோடு உருவாவது தடைப்பட்டு ஓடு மெலிகிறது. தகரக் கூரையின் மேல் கிடுகு பரப்புதல், கூட்டிற் கோழிகளை நெருக்காதிருத்தல், மண்சட்டியில் குளிர்ந்த நீரை அடிக்கடி மாற்றி வைத்தல் ஆகியன செலவற்ற வழிகள். தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னும் இடுவது நல்லது. சிப்பியோட்டை இடித்துத் தீனியோடு சேர்த்தால் சுண்ணச் சத்துக் கிடைக்கும்.

கச்சான் ஆண்டுதோறும் வருவது. வரும் மாதமும் தெரிந்ததே. எனவே பட்டி வைத்திருப்போர் அடுத்த அறுவடையிலே ஒரு போர் வைக்கோலையேனும் தீக்கு இரையாக்காமல் மூடி வைப்பாராயின், ஆவணியில் தரகருக்காகப் பட்டியைத் திறக்க நேராது.